சங்கப் பதிவேடுகளை ஸ்கேன் செய்துவிட்டு எடைக்குப் போடலாமா?

கேள்வி இதுதான். கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் சங்கம் ஒன்றில் 1970களிலிருந்து சேர்ந்த 210 பதிவேடுகள் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பக்கத்துக்கு 2 ரூபாய் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, எந்தப் பெயரையும் தட்டினால் வருகிற மாதிரி தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. பிறகு காகிதத்தை எடைக்குப் போட்டு அறையை வாடகைக்கு விட்டால் செலவு திரும்பிவிடும் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு. செய்யலாமா?

ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் எல்லாவற்றையும் வேண்டாம். காகிதத்தை எடைக்குப் போடவே போடாதீர்கள். மிச்சமாகும் பணத்தை அட்டவணைக்கும் வருடாந்திரப் பராமரிப்புக்கும் ஒதுக்குங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பதிவேட்டுக்கு 300 பக்கம் என்று கொண்டால் 63,000 பக்கம். 2 ரூபாய் வீதம் 1,26,000 ரூபாய். எடைக்குப் போட்டால் என்ன வரும்? கனமான பைண்டு போட்ட பதிவேடு ஒன்றரைக் கிலோ இருக்கும். மொத்தம் 315 கிலோ. கிலோவுக்கு 12 ரூபாய் கிடைத்தாலும் 3,780 ரூபாய்தான். இடத்தைப் பாருங்கள்: ஒரு பதிவேடு 4 செ.மீ. தடிமன் என்றால் 210க்கும் சேர்த்து 840 செ.மீ. தட்டு நீளம் வேண்டும். 85 செ.மீ. அகலத்தில் 5 தட்டு வைத்த ஸ்டீல் பீரோ ஒன்றில் 425 செ.மீ. கிடைக்கிறது. ஆக இரண்டு பீரோ, தாராளமாக வைத்தால் மூன்று. அறையை அடைத்துக்கொண்டிருப்பது பதிவேடு அல்ல, அதை அடுக்காமல் விட்டதுதான். மூன்று பீரோவை அலுவலக மூலைக்கு மாற்றிவிட்டு அறையை இன்றைக்கே வாடகைக்கு விடலாம். அதற்கு ஒரு பக்கத்தைக்கூட ஸ்கேன் செய்யத் தேவையில்லை.

காகிதத்துக்கு மலையில் தனி மதிப்பு உண்டு. தாத்தா பெயரிலேயே பட்டா இருக்க, மூன்று தலைமுறை வாய்வழியாகப் பிரித்துக்கொண்டு இலை பறித்துவரும் நிலங்கள் நீலகிரி முழுக்க இருக்கின்றன. எந்தத் துண்டிலிருந்து யார் எந்த ஆண்டு இலை போட்டார் என்பதற்குப் பல குடும்பங்களிடம் வேறு எழுத்தே கிடையாது. சங்கத்தின் இலை வரவுப் புத்தகம்தான் உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இன்னும் சிக்கல். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்லும் குத்தகைத் தோட்ட நிலங்களில், நிலம் தங்கள் அனுபவத்தில் இருந்ததைக் காட்ட வேண்டியிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பே நிலத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். மற்ற மரபுவழி வனவாசிகள் அந்த நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்து தோட்ட வேலையில் சேர்ந்த குடும்பங்களுக்குப் பழைய செக்ரோல்தான் (தோட்டத் தொழிலாளர் வருகைப் பதிவேடு) எத்தனையோ இடங்களில் சேவைக் காலத்துக்குச் சாட்சி. உங்கள் சங்கத்தின் பழைய புத்தகம் உங்களுக்குக் குப்பையாகத் தெரியலாம். யாரோ ஒருவரின் பேரனுக்கு அது ஒரே ஆதாரமாக இருக்கும்.

நீதிமன்றத்தில் முதலில் கேட்பது மூலத்தைத்தான். 30 ஆண்டு பழைய ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்தை உண்மையென்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 90ஆம் பிரிவாக இருந்தது இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 92ஆம் பிரிவு. ‘உரிய இடம்’ என்றால் உங்கள் பீரோ. ஸ்கேன் படத்தைத் தாக்கல் செய்ய அதே சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில், கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்ணான ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். மூலம் எங்கே என்று கேட்டால் ‘எடைக்குப் போட்டுவிட்டோம்’ என்பது எந்த வழக்கறிஞரும் சொல்ல விரும்பாத பதில். சமீபத்திய கணக்குப் புத்தகங்களுக்கு வேறு கட்டுப்பாடும் உண்டு: ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்திருந்தால் 1983 சட்டமும் 1988 விதிகளும் பொருந்தும். எதையும் கழிப்பதற்கு முன் பதிவாளர் தரப்பில் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

காகிதத்தைவிட அவசரமான ஒன்று அந்த அறையில் இருக்கும். பழைய கணினி, சி.டி.க்கள், பென் டிரைவ். 1978ஆம் ஆண்டுப் பேரேடு இன்னும் 50 ஆண்டு தாங்கும். 2004இல் எழுதிய சி.டி. நீலகிரி ஈரத்தில் ஏற்கெனவே செத்திருக்கலாம். முதல் நாள் வேலையே இவற்றை ஒரு ஹார்டு டிஸ்கில் பிரதி எடுப்பதாக இருக்கட்டும். கணக்கு மென்பொருளில் இருப்பதை அதன் சொந்தக் கோப்பாக மட்டும் வைக்காமல் சிஎஸ்வியாகவும் (எந்த மென்பொருளிலும் திறக்கும் வெறும் எழுத்து அட்டவணை) பிடிஎஃப்-ஏவாகவும் (நெடுநாள் சேமிப்புக்கான பிடிஎஃப்) எடுத்துவிடுங்கள். கடிதங்களும் தீர்மானங்களும் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சாகியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரியும். விவரம் தெரியாதவர் ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று அழித்துவிடுவார். எந்தக் கோப்பு எந்த எழுத்துரு என்று குறித்துவைத்து, மூலக் கோப்பைத் தொடாமல், பிரதியை யூனிகோடுக்கு மாற்றி, ஒருவர் கண்ணால் படித்துச் சரிபார்க்க வேண்டும். கிரந்த எழுத்துகளில்தான் பெரும்பாலும் தவறும். ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களின் பெயர்களில் ஹ, ஜ இரண்டும் நிறைய வரும் என்பதால் நீலகிரியில் இந்தத் தவறு சின்னத் தவறல்ல.

அடுத்தது அட்டவணை. ஸ்கேன் என்பது வெறும் படம். அட்டவணை இல்லாத 63,000 படங்களில் ஒரு பெயரைத் தேடுவது, பீரோவில் தேடுவதைவிடக் கஷ்டம். பீரோவிலாவது அட்டையைப் பார்த்து ஆண்டு சொல்லலாம். எந்தப் பெயரைத் தட்டினாலும் வரும் என்ற வாக்குறுதியை நம்பாதீர்கள். அச்சுத் தமிழைக் கணினி இப்போது ஓரளவு நன்றாகப் படிக்கிறது. அவசரக் கையெழுத்தில், பென்சிலில், சுருக்கொப்பத்தோடு எழுதிய பேரேட்டை நம்பும் அளவுக்குப் படிப்பதில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதியவற்றில் ணை, லை, னை ஆகியவை கொம்பு மேலே சுற்றிய பழைய வடிவத்தில் இருக்கும். அதில் இன்னும் தடுமாறும். ஆகவே மனிதர்தான் எழுத வேண்டும், அதற்கு நேரம் ஆகும். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் 63,000 பக்கத்துக்கு 1,050 மணி நேரம். நாளைக்கு 8 மணி நேரம் உட்கார்ந்தால் 131 நாள்.

எல்லாப் பக்கத்துக்கும் தேவையில்லை. முதலில் பதிவேடுகளின் பட்டியல்: வரிசை எண், அட்டையில் உள்ள பெயர், முதல் தேதி, கடைசித் தேதி, பக்க எண்ணிக்கை, என்ன நிலையில் இருக்கிறது, எந்தப் பீரோ எந்தத் தட்டு. 210 வரி, இருவர் இரண்டு நாளில் முடிப்பார்கள். இதை மட்டும் செய்து நிறுத்திவிட்டாலே பாதிப் பயன் கிடைத்துவிடும். இரண்டாவது, உறுப்பினர் சேர்க்கைப் பதிவேட்டுக்கும் பங்குப் பேரேட்டுக்கும் பெயர் அட்டவணை. 900 உறுப்பினர், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 30 மணி நேரம். மூன்றாவது, தீர்மானப் புத்தகங்களுக்குக் கூட்டத் தேதியும் பொருளும். மாதம் ஒரு கூட்டம் வீதம் 50 ஆண்டுக்கு 600 கூட்டம். கூட்டத்துக்குப் பத்து நிமிடம் போட்டால் 100 மணி நேரம்.

அட்டவணையில் என்னென்ன கட்டம் போடுகிறீர்கள் என்பது வெறும் எழுத்தர் வேலை இல்லை. அட்டவணையில் ஏறாத பெயர் இனி தேடலில் வராது. வராத பெயர் காலப்போக்கில் இல்லாத பெயர் ஆகிவிடும். உறுப்பினர் பெரும்பாலும் கணவர். இலையைப் பறித்து, மூட்டை கட்டி, எடை போடும் இடம் வரை சுமந்து வந்தவர் மனைவியோ மகளோ. உறுப்பினர் பதிவேட்டில் அவர் இருக்க மாட்டார், ஆனால் தினசரி இலை வரவில் ‘கொண்டு வந்தவர்’ கட்டத்தில் அவருடைய கைநாட்டு இருக்கும். நிறுவனங்கள் தரும் ஆயத்தப் படிவத்தில் ‘உறுப்பினர் பெயர்’ ஒன்றுதான் இருக்கும். அதை அப்படியே ஏற்றால் மூட்டை சுமந்த பெண்கள் மொத்தமாக மறைந்துபோவார்கள். இலை வரவுப் புத்தகங்களில் ஐந்தாண்டுக்கு ஒன்றையாவது எடுத்து அந்தக் கட்டத்தையும் அட்டவணையில் ஏற்றுங்கள். நாளைக்கு வாரிசு, ஜீவனாம்சம், பாகம் என்று ஒரு பெண் வந்து நிற்கும்போது அது உதவும்.

பெயருக்கு இரண்டு கட்டம் வேண்டும்: பதிவேட்டில் எழுதியபடி ஒன்று, சீராக்கிய வடிவம் ஒன்று. ஹட்டி என்றும் அட்டி என்றும், ஜக்கனாரை என்றும் சக்கனாரை என்றும் எழுத்தர் மாற மாற மாறியிருக்கும். போஜன், நஞ்சன், மாதன் என்ற பெயர்கள் ஊருக்குப் பத்துப் பேருக்கு உண்டு. தந்தை பெயர், ஊர், பேரேட்டுப் பக்க எண் மூன்றும் சேராமல் ஆளைப் பிரிக்க முடியாது. இந்த வேலையைச் சமவெளியில் உட்கார்ந்திருக்கும் தட்டச்சருக்குக் கொடுக்காதீர்கள். ஒரசோலையும் கக்குச்சியும் கெங்கரையும் எங்கே என்று தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் இருவரை உட்கார வைத்து, பக்கத்தில் ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவரையும் அமர்த்துங்கள். கூலி ஊருக்குள்ளேயே நிற்கும், தப்பும் குறையும்.

இனி ஸ்கேன். உறுப்பினர், பங்கு, தீர்மானம், தணிக்கை அறிக்கை, நில ஆவணம், ஐந்தாண்டுக்கு ஒன்றாக எடுத்த இலை வரவு எல்லாம் சேர்த்து 30 புத்தகம் தேறும், 9,000 பக்கம். வண்ணத்துக்கு 4 ரூபாய் கேட்டாலும் 36,000தான். வண்ணம் ஏன் என்பதற்கு, பழைய இலை வரவுப் பக்கம் ஒன்றை விரித்துப் பாருங்கள். எடை எண்கள் காப்பியிங் பென்சிலில். ஈரம் பட்ட இடத்தில் மட்டும் ஊதாவாகக் கசிந்திருக்கும். கைநாட்டு ஸ்டாம்பு பேடு மையில் மங்கலாக இருக்கும். ஓரத்தில், இலையின் ஈரத்துக்காக எடையில் கழித்த ‘தண்ணீர் கழிவு’ எத்தனை கிலோ என்று மெல்லிய பென்சில் குறிப்பு. மூலையில் குண்டூசி குத்திய சீட்டு. ஊசி துருப்பிடித்துப் பழுப்பு வட்டம் போட்டிருக்கும். இதைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் பென்சில் மறையும், கைநாட்டு கறுப்புத் திட்டாகும், துரு வட்டம் அடியிலுள்ள எண்ணை விழுங்கிவிடும். மலிவான விலை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த முறையைத்தான் மனத்தில் வைத்திருப்பார்கள்.

300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), 24 பிட் வண்ணம், டிஃப் (சுருக்காத படக்) கோப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஏ4 அளவுக்கு ஒரு பக்கம் சுமார் 26 எம்பி வரும். 9,000 பக்கத்துக்கு 234 ஜிபி. பேரேடு ஏ4ஐவிடப் பெரிது என்பதால் 1 டிபி டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றாடம் பார்க்கத் தனியாகச் சிறிய ஜேபெக் அல்லது பிடிஎஃப் பிரதி. முதுகு உடையும் புத்தகத்தைத் தட்டையாக அமுக்கும் ஸ்கேனரில் போடக்கூடாது; மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர் அல்லது நிலைத்தாங்கியில் கேமரா. தாளைக் கத்தரித்து உருளை ஸ்கேனரில் விடலாம் என்று சொன்னால் அந்த நிறுவனத்தையே விட்டுவிடுங்கள். லேமினேஷனும் வேண்டாம், செல்லோடேப்பும் வேண்டாம். இரண்டையும் பின்னால் தாளுக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பது கஷ்டம். குண்டூசிகளை மட்டும் மெதுவாகக் கழற்றுங்கள்.

கோப்புப் பெயரில் வெறும் எண்கள் போதும்: பதிவேட்டு எண், ஆண்டு, பக்கம். 014-1978-0231 என்ற மாதிரி. வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் பக்க எண்ணிக்கையை முன்பு போட்ட பட்டியலோடு ஒப்பிட முடியும், நடுவில் கிழித்த பக்கம் எது என்றும் தெரியும். தினமும் நூற்றுக்கு ஐந்து படத்தைத் திறந்து பாருங்கள். விரல் விழுந்திருப்பது, பக்க எண் வெட்டுப்பட்டிருப்பது, இரண்டு தாள் ஒன்றாகப் புரண்டிருப்பது, இவைதான் வழக்கமான தவறுகள். மின்சாரம் போய்வரும் ஊர் என்பதால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்கவேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றுபோன டிஸ்கில் பாதிக் கோப்புகள் மட்டும் இருக்கும், பட்டியலில் முழுதாகத் தெரியும்.

ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ-256 ஹாஷ் எடுத்து ஒரு பட்டியலாக வைக்க வேண்டும். அது கோப்பின் கைரேகை. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். இலவச மென்பொருளே போதும். அந்தப் பட்டியலை அச்செடுத்துத் தலைவரும் செயலரும் தேதியோடு கையெழுத்திட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டுங்கள். 63ஆம் பிரிவுச் சான்றிதழ் எழுதும் நாளில் இதன் அருமை தெரியும்.

பிரதி மூன்று வேண்டும், ஒன்றாவது மலைக்கு வெளியே. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்ததும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதும் நினைவிருக்கும். சங்கத்திலும் செயலர் வீட்டிலுமாக ஒரே சரிவில் இரண்டு டிஸ்க் வைத்தால் அது ஒரு பிரதிக்குத்தான் சமம். மூன்றாவதை மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ வங்கி லாக்கரில் வைக்கலாம். இணையத்தில் ஏற்றுவதானால், 5 எம்பிபிஎஸ் ஏற்று வேகத்தில் 234 ஜிபிக்கு இடைவிடாமல் நான்கு நாளுக்கு மேல் ஆகும். டிஸ்கைப் பையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோவது சீக்கிரம்.

யார் பார்க்கலாம் என்பதை ஸ்கேனுக்கு முன்பே பொதுக்குழுவில் தீர்மானமாகப் போட்டுவிடுங்கள். கடன் பாக்கி, நிலுவை, கைநாட்டு, கையெழுத்து எல்லாம் அதில் இருக்கின்றன. பீரோவுக்குள் இருந்தவரை கேட்டு வாங்கிப் பார்க்க ஒருவர் நேரில் வர வேண்டியிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு பக்கம் போய்விட்டால், 1986இல் யார் அப்பா கடன் கட்டவில்லை என்பது அன்று மாலைக்குள் எல்லா ஹட்டிக்கும் தெரிந்துவிடும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காகிதத்தைத் தொடுவதில்லை. ஆனால் காகிதத்தில் இருந்ததைப் பின்னால் டிஜிட்டலாக்கினால் அதற்கும் பொருந்தும் என்று தெளிவாகச் சொல்கிறது. ஸ்கேன் செய்துவிட்டால் அந்தப் பொறுப்பும் உங்கள் தலையில் ஏறும். தீர்மானங்களும் தணிக்கை அறிக்கையும் எல்லா உறுப்பினர்க்கும். தனிநபர் பேரேட்டுப் பக்கம் அவருக்கும் அவர் வாரிசுக்கும். மற்றது குழுவுக்கு மட்டும், யார் எப்போது எதைப் பார்த்தார் என்ற குறிப்போடு. சமீபத்திய கோப்புகளில் ஆதார் நகல் இருந்தால் முதல் 8 எண்களை மறைக்காமல் எந்தப் பிரதியும் வெளியே போகக்கூடாது.

நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில், படங்களும் அட்டவணையும் சங்கத்தின் சொத்து, வேலை முடிந்ததும் அவர்களிடம் பிரதி இருக்கக்கூடாது, அவர்களுடைய மென்பொருள் இல்லாமலே கோப்புகள் திறக்க வேண்டும், அட்டவணை சிஎஸ்வியாக வேண்டும் என்று எழுதுங்கள். கடைசி விஷயத்தை விட்டுவிட்டால், ஆண்டுச் சந்தா கட்டாத நாளில் உங்கள் பெயர்களை உங்களாலேயே தேட முடியாது. பதிவேடுகள் சங்கக் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது, ஸ்கேனர்தான் உள்ளே வரவேண்டும். பணத்தில் பாதியைச் சரிபார்ப்பு முடிந்த பிறகே கொடுங்கள்.

கணக்கை முடித்துவிடுகிறேன். ஸ்கேன் 36,000. அட்டவணைக்குச் சரிபார்ப்போடு சேர்த்து 25 ஆள்நாள். நாள்கூலி 600 என்றால் 15,000. பீரோ, டிஸ்க், ஈரமானி எல்லாம் வாங்கிய பிறகும், 1,26,000இல் 50,000 மிஞ்சும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதை வைப்பில் போட்டால் 6 சதவீதத்தில் ஆண்டுக்கு 3,000. அந்த வட்டியில்தான் ஆண்டுக்கொரு முறை மூன்று டிஸ்கையும் திறந்து ஹாஷ் ஒப்பிடும் ஆளுக்குக் கூலியும், ஐந்தாண்டுக்கொரு முறை புது டிஸ்கும் வரவேண்டும். ஸ்கேனுக்கு நன்கொடை தருகிறவர் கிடைப்பார். பராமரிப்புக்கு யாரும் தரமாட்டார்கள். கவாத்து வெட்டாமல் விட்ட தேயிலை மரமாக வளர்ந்துவிடுவது போல, பார்க்காமல் விட்ட டிஸ்க் ஐந்தாறு ஆண்டில் வெறும் பெட்டியாகிவிடும்.

எப்போது தொடங்குவது? கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இழுக்கும். பொங்கல் கழிந்து ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். அறையில் ஈரமானி 60 சதவீதத்துக்குக் கீழே காட்டுகிற நாளில் மட்டும் புத்தகத்தைத் திறங்கள்; 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கும். ஏற்கெனவே பிடித்த புத்தகங்களைத் தனியாக வைத்து, வெயிலில் போடாமல் நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் தாளுக்குள் இறங்கிவிடும். அந்துருண்டை பூச்சியை விரட்டும், பூசணத்தை ஒன்றும் செய்யாது. பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கட்டைமேல் ஏற்றி வையுங்கள். மஞ்சு காலத்தில் அந்தச் சுவரில்தான் முதலில் வியர்க்கும்.